பிள்ளையின் திறமைக்கேற்ற கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாடத்திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், செருப்பு தேடும் இடத்திலேயே யாராவது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். "அக்கா, ஒரு சந்தேகம்." ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன், சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மூன்று பிள்ளைகள். மூத்தவனை ஒன்றாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தோம். "ஊர் முழுக்க மிஷன் பள்ளிக்கூடம் இருக்க, வீட்டில் எதுக்கு?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் கீழே ஆங்காங்கே இருக்கிறது.

கரிக்குலம் கரிக்குலம்னு சொல்றீங்களே, பாடப்புத்தகம்தானே அது?

பாடப்புத்தகம் அதில் ஒரு பகுதி. எதை, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில், எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது என்ற முழுத் திட்டம்தான் கரிக்குலம். ஒரு செட்டில் பிள்ளைக்கான புத்தகம், பயிற்சி ஏடு, தேர்வுத்தாள், விடைப்புத்தகம், அம்மாவுக்கான ஆசிரியர் கையேடு எல்லாம் வரும்.

கையேட்டை விட்டுவிட்டுப் பிள்ளையின் புத்தகத்தை மட்டும் பழைய விலைக்கு வாங்கித் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். சில திட்டங்களில் பாடமே கையேட்டில்தான் இருக்கும். பிள்ளையின் ஏட்டில் பயிற்சி மட்டும்தான். வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் கரிக்குலம்னா கூட ஒரு வேதபாடம் இருக்கும், அவ்வளவுதானா?

மூன்று விதம் உண்டு. ஒன்றில் வேதாகமம் எல்லாப் பாடத்திலும் கலந்திருக்கும். அமெரிக்க வெளியீடுகளான ஏ.சி.இ., அபேகா, பி.ஜே.யு. பிரஸ், மென்னோனைட் சபையார் வெளியிடும் ராட் அண்ட் ஸ்டாஃப், கிறிஸ்டியன் லைட் எல்லாம் இப்படி. இலக்கண வாக்கியத்தில்கூட தாவீதும் ரூத்தும் வருவார்கள். இன்னொன்றில் பாடம் பொதுவாக இருக்கும், எழுதியவர் விசுவாசி. மேத்-யு-சி கணக்கு அப்படி. மூன்றாவது, பொதுப் பாடநூலை வைத்துக்கொண்டு விசுவாசத்தை வீட்டில் நாமே சொல்லிக்கொடுப்பது.

மூன்றும் கிறிஸ்தவக் கல்விதான் என்பது என் முடிவு. உட்காரும்போதும் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளுக்குச் சொல் என்று உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடம்தான் சொல்கிறது. அட்டையில் வசனம் அச்சிட்ட கணக்குப் புத்தகம் பிள்ளைக்குப் புரியாவிட்டால், அந்த வசனத்தின் மேலேயே அவனுக்குக் கசப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் அது நடக்கப் பார்த்தது.

பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கிறது சட்டப்படி குற்றம் இல்லையா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் பொறுப்பு அரசுக்கு. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதித்தோ தடுத்தோ அது எதுவும் சொல்லவும் இல்லை.

அதனால் நான் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறேன். எந்த வருஷம் என்ன படித்தான், தேர்வுத்தாள்கள், நோட்டுகள், எல்லாம் வருஷவாரியாகக் கட்டி பரணில் இருக்கின்றன. பின்னால் அவை எவ்வளவு உதவின என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

என் பையனுக்கு ஒன்பது வயசு. நாலாம் வகுப்பு செட் அப்படியே வாங்கிடலாம்ல?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மூத்தவனுக்கு ஏழு வயதானபோது, இரண்டாம் வகுப்புக்கான அமெரிக்கப் பெட்டி செட் ஒன்றை முழுசாக வரவழைத்தேன். என் இரண்டு வளையல் அதில் போனது. வண்ணப் படங்கள், ஸ்டிக்கர், வசன அட்டை என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. மூன்றாம் நாளே அழுகை ஆரம்பித்தது. பள்ளியில் ரைம்ஸும் ஸ்பெல்லிங்கும் ஒப்பித்து நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு, தெரியாத ஒரு ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த செட்டோ, முந்தைய வருஷத்திலேயே பிள்ளை சரளமாக வாசிக்கக் கற்றுவிட்டான் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. நான்கு மாதம் இழுத்தோம். ஒரு நாள் வேத வசன அட்டையைக் கண்டதுமே பென்சிலைத் தூக்கி எறிந்தான். அன்று நிறுத்தினேன்.

அப்புறம்தான் பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று காட்டும் தேர்வு. வாசிப்பில் அவன் யு.கே.ஜி. அளவில் இருந்தான், கணக்கில் சரியாக இரண்டாம் வகுப்பு. வயது ஒன்று, வாசிப்பு ஒன்று, கணக்கு ஒன்று. செட் வாங்குவதற்கு முன் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் போதும்.

அந்த டெஸ்ட்டை நானே வைக்க முடியுமா? பரீட்சைன்னாலே பயந்துடுவானே?

முடியும். ஏ.சி.இ., கிறிஸ்டியன் லைட், சாக்ஸன் கணக்கு, மேத்-யு-சி எல்லாமே தங்கள் தேர்வுகளை இலவசமாகத் தருகின்றன. அச்செடுத்துக்கொள்ளலாம். பரீட்சை என்று சொல்லாதீர்கள். "உனக்கு எந்தப் புத்தகம் வாங்கணும்னு பார்க்கப் போறோம், தெரியாததை விட்டுடு" என்று சொல்லுங்கள். காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். அவன் வயதுக்கு இரண்டு வகுப்பு கீழிருந்து தொடங்குங்கள், முதல் பக்கம் எளிதாக இருந்தால் பயம் போய்விடும். நேரம் குறிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உதவவும் வேண்டாம். அம்மாமார் இங்கேதான் தோற்கிறோம். "நல்லா யோசி, நேத்து சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை விட்டாலும் அந்தத் தேர்வு உங்களுடையதாகிவிடும்.

இன்னொன்று நம் வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். இந்தத் தேர்வுகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்காக எழுதப்பட்டவை. வார்த்தைக் கணக்கில் தப்பு வந்தால் அதையே தமிழில் சொல்லிக் கேளுங்கள். "உன்கிட்ட 24 மாங்கா இருக்கு, மூணு பேருக்குச் சமமாப் பிரி" என்றதும் பதில் வந்தால், அவனுக்குக் கணக்குத் தெரியும், ஆங்கிலம்தான் எட்டவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் கணக்கில் ஒரு வருஷம் பின்னால் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் வாசிப்பில், உரக்க வாசித்து முடித்ததும் "என்ன நடந்தது, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பொருள் தெரியாத பிள்ளைகள் நம்மிடம் அதிகம். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் புரியவில்லை என்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம்.

ஒரு வெளியீட்டின் "மூன்றாம் நிலை" இன்னொன்றின் மூன்றாம் நிலைக்குச் சமமாக இருக்காது. எதை வாங்கப் போகிறீர்களோ அதன் தேர்வையே வையுங்கள்.

டெஸ்ட்ல ரெண்டு வகுப்பு கீழ வந்திருக்கு. ராத்திரி தூக்கமே வரல. இப்ப என்ன பண்றது?

முதலில், பிள்ளை முன்னால் எண்ணைச் சொல்லாதீர்கள். பெரிய பையன் கையில் "கிரேடு 2" என்று அட்டையில் எழுதிய புத்தகத்தைக் கொடுத்தால் தம்பி கேலி செய்வான். இதற்கென்றே போல சில திட்டங்களில் வகுப்பு எண் வெளியே தெரியாது. மேத்-யு-சியில் படிகளுக்குக் கிரேக்க எழுத்துப் பெயர்: ஆல்ஃபா என்றால் ஓரிலக்கக் கூட்டல் கழித்தல், பீட்டா என்றால் பல இலக்கம், காமா பெருக்கல், டெல்டா வகுத்தல், எப்சிலான் பின்னம். பதினொரு வயதுப் பையன் காமா செய்கிறான் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சாக்ஸன் கணக்கில் 5/4 என்று போட்டிருப்பார்கள். நடுத்தரமாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, வேகமாகப் படிக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்று அர்த்தம். புத்தகம் எழுதியவர்களே ஒரு வயதுக்கு ஒரு புத்தகம் என்று நினைக்கவில்லை, பாருங்கள்.

இரண்டு வகுப்பு கீழே என்றால் இரண்டு வருஷப் பாடமும் தெரியாது என்று பொருளில்லை. நடுவில் ஏழெட்டு ஓட்டைகள் இருக்கும். ஏ.சி.இ. தேர்வு எந்தெந்த ஏடு தேவை என்று எண்ணோடு காட்டிவிடும்; அவற்றை மட்டும் வாங்கி ஓட்டையை அடைக்கலாம். என் மூத்தவன் வாசிப்பில் இருந்த பள்ளத்தைக் கடக்க ஒன்றேகால் வருஷம் ஆனது. தினமும் இருபது நிமிஷம்தான்.

நம் அரசுப் பள்ளிகளும் இதை ஒத்துக்கொண்டுவிட்டன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். அரும்பு என்று சொல்லிப் பாருங்கள், மனசு இறுகாது.

கணக்கு ஒரு கம்பெனி, இங்கிலீஷ் வேற கம்பெனின்னு கலந்து வாங்கலாமா?

தாராளமாக. கணக்கையும் ஆங்கிலத்தையும் எப்போதும் தனித்தனியாகவே வாங்குங்கள். அறிவியலும் சரித்திரமும் வகுப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏ.சி.இ. நல்லதா, அபேகா நல்லதா? ஒரே வார்த்தையில சொல்லுங்கக்கா.

ஒரே வார்த்தையில் வராது. பிள்ளையைச் சொல்லுங்கள், நான் புத்தகத்தைச் சொல்கிறேன்.

ஏ.சி.இ. 1970இல் டெக்ஸாஸில் தொடங்கியது. ஒரு பாடத்துக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மெல்லிய ஏடுகள், பேஸ் என்பார்கள். நாலாம் நிலை என்றால் 1037 முதல் 1048 வரை. பிள்ளை தானே வாசித்து, தானே எழுதி, விடைப்புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது. தேர்வில் 80க்குக் குறைந்தால் அடுத்த ஏட்டுக்குப் போக முடியாது. நன்றாக வாசிக்கத் தெரிந்த, தனியாக வேலை செய்யப் பிடிக்கிற பிள்ளைக்கும், வேலைக்குப் போகிற அல்லது கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாவுக்கும் இது வரம். கோடிட்ட இடம் நிரப்புவது மிக அதிகம் என்பது அதன் குறை. பேசிப் பேசிப் புரிந்துகொள்கிற பிள்ளை இதில் காய்ந்துபோவான். விடையைப் பார்த்து எழுதும் ஆசையும் வரும். திருத்தும் மேஜை உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும்.

அபேகா ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் 1972இல் தொடங்கியது. ஒலிமுறை (ஃபோனிக்ஸ்) வாசிப்பில் கெட்டி, வேகமும் அதிகம். தினமும் திருப்புதல், வாய்ப்பாடு, ஓயாத பயிற்சி. துறுதுறு என்று பதில் சொல்லும் பிள்ளைக்குப் பிடிக்கும், மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். எல்லாப் பயிற்சியையும் செய்தே தீரவேண்டும் என்று நினைக்காதீர்கள்; அது முப்பது பேர் உள்ள வகுப்பறைக்காக எழுதியது, வீட்டில் பாதி போதும். ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு பி.ஜே.யு. பிரஸ் பொருந்தும். ஆனால் கையேட்டை வைத்து நீங்கள் கூடவே உட்கார வேண்டும்.

படமும் வண்ணமும் கண்டால் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு ராட் அண்ட் ஸ்டாஃப். கறுப்பு வெள்ளைதான். இலக்கணம் அவ்வளவு தெளிவாக வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. ஓவியம், கதை, காடு மேடு என்று திரியும் பிள்ளைக்கு, இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசன் என்ற கல்வியாளரின் வழி: குறுகிய பாடம், நல்ல புத்தகம், கேட்டதைத் திரும்பச் சொல்லுதல். என் கடைக்குட்டி இந்த வழியில்தான் போகிறான்.

ஸ்பைரல், மாஸ்டரின்னு ரெண்டு சொல்றாங்களே, அது என்ன?

ஸ்பைரல் என்றால் சுற்றிச் சுற்றி வருவது. இன்று கொஞ்சம் பின்னம், நாளை கொஞ்சம் அளவை, பழையது தினமும் தலைகாட்டும். அபேகா, சாக்ஸன், கிறிஸ்டியன் லைட் கணக்குகள் இப்படி. மாஸ்டரி என்றால் ஒன்றைப் பிடித்தால் கரை கண்டுவிட்டுத்தான் அடுத்தது. மேத்-யு-சி இப்படி.

சீக்கிரம் மறக்கும் பிள்ளைக்கும், ஒரே விஷயத்தில் அலுத்துப்போகும் பிள்ளைக்கும் ஸ்பைரல் நல்லது. அடிக்கடி மாறினால் குழம்பிப்போகிற பிள்ளைக்கு மாஸ்டரி. மேலே சொன்ன ஓட்டைகளை அடைக்கவும் மாஸ்டரிதான் வசதி. மேத்-யு-சியோடு வரும் கணக்குக் கட்டைகளை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க முடியாதவர்கள் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஒன்றுகளுக்குப் புளியங்கொட்டை. இடமதிப்பு அதிலேயே அழகாக வரும்.

எட்டு வயசாச்சு, இன்னும் வாசிக்கவே வரல. எந்தக் கரிக்குலம் போட்டாலும் வரல. சோம்பேறித்தனமா?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்து, எழுத்துகள் தொடர்ந்து தலைகீழாக வந்து, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிந்து, வாயால் கேட்டால் மட்டும் பதில் பளிச்சென்று வருகிறதென்றால், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஜெபியுங்கள், பரிசோதனைக்கும் போங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் முறையில் எழுதிய பாடம் தேவை. கண், காது, விரல் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு ஒலியாகப் போகும் முறை. ஆல் அபவுட் ரீடிங் அப்படிப்பட்டது, நான்கு நிலைகள். அதில் வேத வசனம் கிடையாது. அதனால் தயங்காதீர்கள். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வையுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதும் இதே வழிதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற குருவானவர் அதைப் பார்த்துத் தம் ஆதரவற்றோர் பள்ளியில் புகுத்தி, பின்னர் இங்கிலாந்து வரை கொண்டுபோனார். எங்கள் ஊரிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் மிஷனெரிப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தனித்தனிப் பள்ளி தொடங்கினார்கள். மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைக்கு ஏற்ற முறையைத் தேடிக் கண்டுபிடிப்பது நமக்கு முன்னோர் காட்டிய வேலை.

என் மகள் ரொம்ப கெட்டி. ரெண்டு வகுப்பைத் தாண்டிப் போகட்டுமே?

கணக்கில் போகட்டும். தடுக்காதீர்கள். ஆனால் வாசிக்கும் திறமையும் தாங்கும் மனசும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பதிமூன்று வயதுக்கான போர்க்கதையை வாசித்துவிடும்; அப்புறம் ராத்திரி தனியே படுக்க மாட்டேன் என்று நிற்கும். கை எழுத்தும் மூளையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பாதிப் பதிலை வாயால் சொல்ல விடுங்கள்.

வேகமாக ஓடினாலும் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் மேலே மேலே ஏற்றுவதைவிட அகலப்படுத்துங்கள். இசை, தையல், தோட்டம், இன்னொரு மொழி. கிரேக்க எழுத்துகளைக் கற்றுக்கொண்டு யோவான் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பெண்பிள்ளை எங்கள் சபையில் இருக்கிறாள்.

மூணு பிள்ளைங்க, மூணு லெவல். நான் ஒருத்தி. எப்படிச் சமாளிக்கிறது?

கணக்கும் மொழியும் மட்டும் தனித்தனி. வேதபாடம், அறிவியல், சரித்திரம் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றாக. அபோலஜியாவின் தொடக்கநிலை அறிவியல் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: ஒரு வருஷம் முழுக்கத் தாவரம், ஒரு வருஷம் பறவைகள் என்று. எல்லாருக்கும் ஒரே பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். சின்னவன் முருங்கைப்பூவைப் பார்த்து வரைவான், நடுவிலவள் பாகங்களைக் குறிப்பாள், மூத்தவன் ஒரு பக்கம் எழுதுவான். பெரியவர்களில் ஒருவர் ஏ.சி.இ. போலத் தானே செய்யும் பாடத்தில் இருந்தால், அந்த நேரம் சின்னவனுக்கு.

அமெரிக்கப் புக்ல டாலர், இன்ச்சு, அவங்க சரித்திரம். நம்ம பிள்ளைக்கு அது எதுக்கு?

நிக்கல், டைம், குவார்ட்டர் என்று காசு எண்ணும் பக்கங்களைக் கிழித்தே எடுத்துவிட்டு ரூபாயில் செய்யுங்கள். அளவைக்குத் தமிழ்நாடு அரசுக் கணக்குப் புத்தகம். அவர்கள் சரித்திரத்தைக் கதையாக வாசிக்கலாம், தேர்வு வைக்க வேண்டாம். பிள்ளைக்கு அதில் மார்க் குறைந்தால் கவலைப்படவே கவலைப்படாதீர்கள். அது அவன் திறமையின் அளவுகோல் ஆகாது.

அப்போ தமிழ்? எந்தக் கரிக்குலத்துலயும் தமிழ் இல்லையே.

இல்லை. இதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசின் தமிழ்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன மாதிரி இங்கும் பிள்ளையின் நிலை பார்த்துத் தொடங்குங்கள், ஆறாம் வகுப்பு வயதில் மூன்றாம் வகுப்புத் தமிழ் என்றாலும் சரி. குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு இரண்டு வசனம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்களில் நாக்குப் பழகிய பிள்ளை செய்தித்தாளில் தடுமாறாது. ஆங்கிலம் வளரட்டும் என்று பாட்டியிடம்கூட ஆங்கிலத்தில் பேச வைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவ்வளவு காசுக்கு நாங்க எங்க போறது?

புத்தக விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகும் சமயமும் உண்டு. குறைந்த செலவில் நான் சொல்லும் வழி இது: கணக்குக்கும் அறிவியலுக்கும் தமிழ்நாடு அரசு அல்லது மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல், இரண்டுமே இணையத்தில் இலவசம். வேதபாடத்துக்கு வேதாகமம். ஆங்கில வாசிப்புக்கு மட்டும் ஒரு நல்ல ஒலிமுறை செட். முதல் மூன்று வருஷத்துக்கு இது தாராளம்.

முழுவதும் இலவசமான கிறிஸ்தவத் திட்டங்களும் உண்டு. ஈஸி பீஸி இணையத்திலேயே நாளுக்கு நாள் பாடம் தரும்; திரை முன்னால் உட்கார வேண்டியிருக்கும். ஆம்பிள்சைட் ஆன்லைன் சார்லட் மேசன் வழியிலானது. பல புத்தகங்கள் காப்புரிமை முடிந்தவை, ஆங்கிலம் பழையது, கடினமானது. அதன் முதலாம் ஆண்டு நம் ஒன்றாம் வகுப்புக்கு ஒத்துவராது, ஒன்றிரண்டு வயது கழித்துத் தொடங்குங்கள். பழைய புத்தகம் வாங்குவதானால் ஏட்டிலேயே எழுதும் பேஸ் போன்றவை கைமாறாது. நோட்டில் எழுதும் ராட் அண்ட் ஸ்டாஃப் கெட்டி அட்டை நூல்கள் மூன்று பிள்ளைகளைத் தாண்டியும் வரும்.

படைப்புன்னு மட்டும் படிச்சிட்டு, பரீட்சையில பரிணாமம் வந்தா என்ன எழுதுவா?

இது நேர்மையான கேள்வி. நான் மேலே பெயர் சொன்ன அமெரிக்க வெளியீடுகளில் அபேகா, பி.ஜே.யு., ஏ.சி.இ., அபோலஜியா எல்லாம் உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டவை. தமிழ்நாடு பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பாடமாக இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2023இல் பத்தாம் வகுப்பிலிருந்து அதை எடுத்தது, பன்னிரண்டில் இருக்கிறது.

என் மகனுக்கு அந்தப் பாடத்தை முழுசாக, அறிவியலாளர்கள் சொல்கிற விதத்திலேயே சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டிக் கேலி செய்வது பொய்ச்சாட்சி. விசுவாசிகளுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொன்னேன். இரண்டு கருத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்து எடைபோட ஒரு முதிர்ச்சி வேண்டும். மூத்தவனுக்குப் பதின்மூன்றில் அது வந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்த விவாதத்தைத் திணிக்காதீர்கள்.

கடைசியில சர்ட்டிஃபிகேட்? அமெரிக்கப் புக் படிச்சவனுக்கு யார் தருவாங்க?

பாடத்திட்டம் வேறு, தேர்வு வாரியம் வேறு. எட்டாம் நிலை வரை எதில் படித்தாலும், பிறகு ஒரு வாரியத்தின் பாடத்துக்கு மாற வேண்டும். பெரும்பாலோர் போவது என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே மூச்சில் எல்லாம் எழுத வேண்டியதில்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட இரக்கமான ஏற்பாடு நம் நாட்டில் இல்லை.

கணக்கு கட்டாயமில்லை, ஓவியம், மனையியல், வணிகவியல் எடுக்கலாம். ஆனால் கணக்கை விட்டால் பின்னால் பல படிப்புகளின் கதவு மூடிவிடும். ஐந்தாம் கேள்வியில் சொன்ன மாதிரி, வராதது கணக்கா ஆங்கிலமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று எண்ணமிருந்தால், அங்கே இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று இரண்டு வருஷம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூத்தவன் இரண்டு பாடம் முடித்துவிட்டான்.

முடியலயா, முயற்சி பண்ணலயா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? சோம்பலைக் கண்டிக்கணும்னு வேதமே சொல்லுதே.

நீதிமொழிகளில் எறும்பைப் பார் என்று இருப்பது உண்மைதான். அதே வேதாகமத்தில் தாலந்து உவமையில் எஜமான் ஐந்து, இரண்டு, ஒன்று என்று அவனவன் திறமைக்குத் தக்கபடி கொடுக்கிறார். இரண்டு பெற்றவனிடம் ஐந்தின் லாபத்தை அவர் கேட்கவில்லை.

நான் செய்வது இதுதான். ஒரு வாரத்துக்கு அதே பாடத்தில் ஒரு படி இறங்கிய வேலையைக் கொடுப்பேன். மளமளவென்று செய்தால், மேலே இருந்தது கடினம், முடியாமல்தான் இருந்திருக்கிறான். இறங்கிய பிறகும் இழுத்தடித்தால், அது பழக்கம், அப்போது கண்டிப்பு. விளையாட்டு நேரத்தைக் குறைப்பேன், வேலையைக் கூட்ட மாட்டேன். வசனம் எழுது என்று தண்டனை கொடுப்பதை அறவே விட்டுவிட்டேன்.

பாதி வருஷம் ஆச்சு, இந்தக் கரிக்குலம் ஒத்தே வரல. மாத்தினா காசு வீணாயிடுமே?

ஆறு வாரம் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் எதிலும் முதல் மூன்று வாரம் முறுமுறுப்பு இருக்கும். ஆறு வாரம் கழித்தும் தினமும் கண்ணீர் என்றால், முதலில் நிலையை இறக்கிப் பாருங்கள். பிறகு வேகத்தைப் பாதியாக்குங்கள். இரண்டும் உதவாவிட்டால் முறையை மாற்றுங்கள். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றாதீர்கள். அது பிள்ளையின் தேவை இல்லை, பக்கத்து வீட்டு செட்டைப் பார்த்து நமக்கு வரும் ஆசை.

நான் பத்தாவதுதான். எனக்கே இங்கிலீஷ் வராது. என்னால முடியுமா?

பிள்ளையின் நிலையைப் பார்க்கிற மாதிரி அம்மாவின் நிலையையும் பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் கையேட்டை வாசித்துக்காட்டவே சிரமம் என்றால் பி.ஜே.யு. வேண்டாம். வீடியோ வகுப்பு உள்ளதையோ, தானே செய்யும் ஏட்டையோ எடுங்கள், அல்லது தமிழ்வழியில் அரசுப் பாடநூலை எடுங்கள். வாசிப்புப் பாடத்தில் ஒலிகளைப் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொண்ட அம்மாமார் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரிய வகுப்புக் கணக்குக்கு டியூஷன் வைப்பதில் தவறே இல்லை.

முடியலன்னா திரும்ப ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு ஈடாக வரத் தனிப் பயிற்சி பெறவும் உரிமை தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

என் மகளைப் போன வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். அவள் கூட்டத்தில் படிக்கிற பிள்ளை. பக்கத்தில் நாலு பேர் இருந்தால்தான் அவளுக்குக் கணக்கே வரும். ஐந்து வருஷம் எந்தக் கரிக்குலத்தை மாற்றியும் எனக்கு அது புரியவில்லை. மாமனார்தான் முதலில் சொன்னார். சேர்க்கைக்குப் பரணிலிருந்த நோட்டுக்கட்டை எடுத்துப்போனேன். தலைமையாசிரியை இரண்டு நோட்டுகளைப் புரட்டினார், ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு போட்டோ கேட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.